தொண்டையில் தங்கும் மிச்சம்

"அக்கா, இந்த ஆண்டு மலருக்கு உங்கள் துறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்" என்று பேரவையிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார். கவிதையும் சிறுகதையும் இலக்கண ஆய்வும் வரும் மலரில் தொண்டையைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிடத்தானே செய்கிறோம்" என்றார். அந்தப் பதிலுக்காகவே எழுத உட்கார்ந்தேன்.

நான் பேச்சு சிகிச்சையாளர். நம் நாட்டில் இத்துறைக்கான பட்டப்படிப்பை மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. ஆனாலும் இந்த வேலையின் பெயரைக் கேட்டதும் திக்கிப் பேசும் பிள்ளைகளைத்தான் இன்றும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பேசுவதற்குப் பயன்படும் அதே உதடு, நாக்கு, தொண்டை, குரல்வளைதான் விழுங்குவதற்கும் பயன்படுகின்றன. ஆகவே பக்கவாதம் வந்தவர்கள், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், பார்கின்சன் நோயாளிகள் ஆகியோரின் விழுங்கல் கோளாறுகளைக் கவனிப்பதும் எங்கள் பணியே. என் வேலை நாளில் பாதிக்கு மேல் அதிலேயே கழிகிறது.

இங்கே நான் எழுதப்போவது அந்தப் பணியின் ஒரு சிறு பகுதியைப் பற்றி. விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்கிவிடும் உணவு எவ்வளவு என்று எப்படி அளந்து எழுதுகிறோம்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். இதற்கு நான் ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் எழுதியதால் ஒரு பெரியவர் மூன்று வாரம் கூடுதலாக மூக்குக் குழாயோடு இருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம்.

மூக்கு வழியே ஒரு கண்

ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள, வளையக்கூடிய குழாய் ஒன்றின் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். அதை மூக்கு வழியாகச் செலுத்தி, அண்ணத்தின் பின்புறம் இறக்கி, தொண்டைக்கு மேலே தொங்கவிடுவோம். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பச்சைச் சாயம் கலந்த தண்ணீர், கஞ்சி, கிரீம் கிராக்கர் பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கொடுப்போம். அவர் விழுங்குவதைத் திரையில் பார்த்துப் பதிவு செய்வோம். 1988இல் அமெரிக்காவில் சூசன் லாங்மோர் தம் சக ஆய்வாளர்களோடு இந்த முறையை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கதிர் இல்லை, கட்டிலருகிலேயே செய்யலாம் என்பதால் இன்று உலகெங்கும் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சுவர்கள் நெருங்கி வந்து கேமராவை மூடிவிடும். திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். ஒரு விநாடிக்கும் குறைந்த நேரந்தான். ஆனால் நாம் பார்க்க வந்த விஷயமே அந்த நேரத்தில்தான் நடக்கிறது! ஆக, விழுங்குவதற்கு முன்பு இருந்ததைப் பார்க்கிறோம், விழுங்கிய பிறகு இருப்பதைப் பார்க்கிறோம், நடுவில் நடந்ததை ஊகிக்கிறோம். திருடன் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போலத்தான். அதனால்தான் வீட்டில் என்ன மிச்சம் கிடக்கிறது என்பது எங்களுக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

மிச்சம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தங்கும். நாக்கின் அடிப்பகுதிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே இருக்கும் பள்ளம் ஒன்று. இதற்கு வல்லெகுலா என்று பெயர். இலத்தீனில் சிறு பள்ளத்தாக்கு என்று பொருள். அதற்குக் கீழே, குரல்வளையின் இருபுறமும் பேரிக்காய் வடிவத்தில் இரண்டு குழிகள் உள்ளன. அவற்றை பிரிஃபார்ம் குழிகள் என்போம். மேல் பள்ளத்தில் தங்கினால் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளும் வலு குறைந்திருக்கலாம், அல்லது குரல்வளை மூடி சரியாகக் கவிழாமல் இருக்கலாம். கீழ்க் குழிகளில் தங்கினால் தொண்டைச் சுவர் சரியாக அழுத்தாமல் இருக்கலாம், அல்லது உணவுக்குழாயின் மேல்வாய் போதிய அளவு திறக்காமல் இருக்கலாம். இடம் மாறினால் காரணம் மாறும், காரணம் மாறினால் பயிற்சியும் மாறும்.

மிச்சத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நான் திண்டாடியதையும் இந்த மலரின் வாசகர்களிடம்தான் சொல்ல முடியும். "எச்சம்" என்பதே எனக்கு முதலில் தோன்றிய சொல். நல்ல பழந்தமிழ்ச் சொல். பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். ஒரு நோயாளியின் மனைவியிடம், "தொண்டையில் எச்சம் இருக்கிறது" என்றேன். அந்த அம்மாள் முகத்தைச் சுளித்து, "குருவி எச்சமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து குடும்பத்தாரிடம் "மிச்சம்" என்றே சொல்கிறேன். யாருக்கும் குழப்பம் இல்லை.

கொஞ்சம் என்றால் எவ்வளவு?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அறிக்கைகளில் "கொஞ்சம்", "மிதமாக", "நிறைய" என்ற பொருளில்தான் எழுதிக்கொண்டிருந்தோம். என் கொஞ்சமும் என் சக ஊழியரின் கொஞ்சமும் ஒன்றா என்று யாரும் கேட்கவில்லை. கேமரா இன்னொரு சிக்கலையும் சேர்த்தது. பள்ளத்தை நெருங்கிப் பிடித்தால் ஒரு துளியும் குளம் போலத் தெரியும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே விழுங்கலை எக்ஸ்ரே காணொளியாகவும் உள்நோக்கிக் காணொளியாகவும் பதிவு செய்து மதிப்பிடச் சொன்னார்கள். உள்நோக்கிப் படத்தைப் பார்க்கும்போது மிச்சம் அதிகம் என்றே மதிப்பீட்டாளர்களுக்குத் தோன்றியது. விழுங்கியவரும் ஒருவரே, விழுங்கியதும் ஒன்றே. பார்க்கும் சன்னல்தான் வேறு.

2015இல் நியூபாவர், ராடமேக்கர், லெடர் ஆகிய மூவரும் யேல் அளவுகோல் என்று இன்று அழைக்கப்படும் முறையை வெளியிட்டார்கள். அதில் ஐந்து படிகள். முதற்படி, எதுவும் இல்லை. இரண்டாவது சுவடு: 1 முதல் 5 விழுக்காடு வரை. பால் குடித்து முடித்த தம்ளரின் உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இலேசு: 5 முதல் 25 வரை. நான்காவது நடுத்தரம்: 25 முதல் 50 வரை. அதற்கும் மேல் போனால் ஐந்தாவது. மேல் பள்ளத்துக்கு ஒரு மதிப்பெண், கீழ்க் குழிகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே கொடுக்க வேண்டும்.

விழுக்காட்டை எப்படிக் கண்ணால் அளப்பது? தம்ளரை மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாதல்லவா? இங்கேதான் இந்த அளவுகோலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மேல் பள்ளத்தின் நடுவே ஒரு தசைநார் மேடு போல ஓடும். அது கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படியானால் இலேசு. மூழ்கிவிட்டதா? நடுத்தரம். குரல்வளை மூடியின் விளிம்பு வரை நிரம்பிவிட்டதா? ஐந்தாவது படி. கீழ்க் குழிகளிலும் அப்படியே: சுவரில் கால் பாகம் வரை, பாதி வரை, குழியின் ஓரத்து மடிப்பு வரை. நம் ஊர் ஆற்றுப் பாலத் தூண்களில் வெள்ள அளவுக்குக் கோடு போட்டிருப்பார்களே, அதைப் போன்றதுதான். எத்தனை லிட்டர் தண்ணீர் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை; எந்தக் கோடு மூழ்கியது என்றுதான் பார்க்கிறார்கள்.

கணக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். படிகள் சமமாக இல்லை. இரண்டாவது படி 5 விழுக்காட்டுக்குள் முடிந்துவிடுகிறது, ஐந்தாவதோ 50 விழுக்காட்டு அகலம். 5 என்ற எண் இரண்டு படிகளிலும் வருகிறது. ஆகவே 4 என்பது 2இன் இரு மடங்கு அன்று. இவை வரிசையைக் காட்டும் எண்கள் மட்டுமே. சராசரி எடுத்து "இந்த வார்டின் மிச்சம் 3.2" என்று யாராவது கட்டுரை வாசித்தால் எழுந்து கேள்வி கேளுங்கள்.

ஐந்தாவது படிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை நேராக மொழிபெயர்த்தால் "கடுமை" என்று வரும். நான் "மிகுதி" என்று சொல்கிறேன். அதற்குக் காரணம் அந்தப் பெரியவர்.

ஒரு சொல் செய்த வேலை

அவர் தோட்டத்தில் வளர்ந்து, பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். மூளைத்தண்டின் வலப்புறத்தில் பக்கவாதம். கைகால் நன்றாக இருந்தன, பேச்சும் புரிந்தது, ஆனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மூக்கில் குழாய் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் நான் பரிசோதனை செய்தேன். அப்போது எனக்கு இந்தப் பரிசோதனையில் இரண்டாண்டு அனுபவம்கூட இல்லை.

ஒரு சிறு கரண்டி கஞ்சி கொடுத்தேன். விழுங்கினார். திரை வெள்ளையாகி மீண்டும் தெளிந்தபோது வலது குழி விளிம்பு வரை பச்சையாக நின்றது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அது வழிந்தால் குரல்வளைக்குள் போகும், அங்கிருந்து நுரையீரலுக்கு. அந்தப் படத்தை உறைய வைத்தேன், ஐந்தாவது படி என்று குறித்தேன், குழாயை எடுத்துவிட்டேன். அறிக்கையில், கீழ்க் குழிகளில் கடுமையான மிச்சம், வாய்வழி உணவு வேண்டாம் என்று எழுதினேன். வார்டில் அந்த அறிக்கையிலிருந்து எல்லாருடைய கண்ணிலும் பட்டது "கடுமை" என்ற ஒரே சொல்தான். மகளிடம் யாரோ "கடுமையாக இருக்கிறதாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஏதோ முற்றிவிட்டது என்று நினைத்து அவர் உறவினர்களையெல்லாம் வரவழைத்துவிட்டார். பெரியவர் குழாயோடு வீட்டுக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து, விடுப்பில் இருந்த என் மூத்த சிகிச்சையாளர் திரும்பி வந்தார். பழைய காணொளிகளை இருவரும் சேர்ந்து பார்க்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. பெரியவரின் காணொளி வந்தது. நான் உறைய வைத்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை, தொடர்ந்து ஓடவிட்டார். நான் குழாயை எடுப்பதற்கு முந்திய சில விநாடிகளில் பெரியவர், யாரும் சொல்லாமலே, இன்னொரு முறை விழுங்கியிருந்தார். வலது குழியில் பாதி இறங்கியிருந்தது. இடது குழியில் சுவடு மட்டுமே. குரல்வளைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. இவை எல்லாம் என் காணொளியிலேயே இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

"எந்த விழுங்கலுக்குப் பிறகு எடுத்த மதிப்பெண் இது? எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அளவுகோல் எவ்வளவு என்பதைச் சொல்லும். எப்போது, எந்தக் கரண்டிக்குப் பிறகு, எந்தப் பக்கம் என்பதை அளப்பவர்தான் எழுத வேண்டும். நான் எழுதவில்லை.

மறுவாரம் பெரியவரை வரவழைத்தோம். மூன்று வாரத்தில் இயல்பாகவே கொஞ்சம் தேறியிருப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாப் பழியையும் எல்லாப் புகழையும் மதிப்பெண்ணுக்கே கொடுக்க முடியாது. முகத்தை வலப்பக்கம் திருப்பி விழுங்கச் சொன்னோம். பலவீனமான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் குழி இறுகி மூடிக்கொள்ளும், உணவு நல்ல பக்கமாக இறங்கும், உணவுக்குழாயின் மேல்வாயும் சற்று எளிதாகத் திறக்கும். கஞ்சிக்கு முதல் விழுங்கலில் வலது குழி நான்காவது படி. உடனே ஒரு வெறும் விழுங்கல். பிறகு மூன்றாவது படி. "தொண்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கா தாத்தா?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலம்மா" என்றார். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இப்படித்தான், மிச்சம் இருப்பதே தெரியாது. ஆகவே தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும் என்று மகளிடம் எழுதிக் கொடுத்தோம். அன்று மாலையே நாளுக்கு ஐந்து கரண்டி கஞ்சியில் தொடங்கினார்.

இதைப் படித்துவிட்டு, மதிப்பெண் பெரிதாக இருந்தாலும் பயப்பட வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மாறான ஒருவரையும் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு முடித்த ஓர் அம்மையார். மேலும் கீழும் இரண்டாவது படிதான், வெறும் சுவடு. ஆனால் அந்தச் சுவடு மெல்ல வழிந்து குரல்நாண்களுக்கு இடையே இறங்கியது. அவர் இருமவே இல்லை. மிச்சத்தின் அளவு ஒன்று, அது எங்கே போகிறது என்பது வேறொன்று. இரண்டாவதற்கு ரோசன்பெக்கும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்ட எட்டுப் படி அளவுகோல் தனியாக இருக்கிறது. அந்த அம்மையாருக்கு அதில் எட்டு, அதாவது மூச்சுக்குழாய்க்குள் போயும் உடல் எதிர்ப்பே காட்டாத நிலை. இரண்டு அளவுகோல்களையும் சேர்த்து எழுதாத அறிக்கையை இப்போது நான் கையொப்பமிடுவதில்லை.

ஒத்துப்போவது என்றால் என்ன?

பெரியவருக்குப் பிறகு நானும் மூத்தவரும் மாதம் ஒருமுறை ஒரே படங்களைத் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினோம். புள்ளியியல் படிப்பவர்களுக்காக இதில் ஒரு பொறியைக் காட்டுகிறேன். எண்கள் எளிமைக்காக நான் அமைத்தவை. ஐம்பது படங்கள். இருவரும் தலா 40 படங்களுக்கு "மிச்சம் இல்லை" என்றும் 10 படங்களுக்கு "உண்டு" என்றும் குறிக்கிறோம். மொத்தம் 40 படங்களில் இருவரும் ஒத்துப்போகிறோம். 80 விழுக்காடு! கைகுலுக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனால் படத்தையே பார்க்காமல், பத்தில் எட்டுக்கு "இல்லை" என்று இருவரும் குருட்டாம்போக்கில் குறித்திருந்தால் என்ன ஆகும்? இருவரும் "இல்லை" என்பதற்கு 0.8ஐ 0.8ஆல் பெருக்க வேண்டும்: 0.64. இருவரும் "உண்டு" என்பதற்கு 0.2ஐ 0.2ஆல் பெருக்கினால் 0.04. கூட்டினால் 0.68. கண்ணை மூடிக்கொண்டே 68 விழுக்காடு ஒத்துப்போயிருப்போம். கண்ணைத் திறந்ததால் கிடைத்தது 12 மட்டுமே. கிடைக்கக்கூடியது 32. பன்னிரண்டை முப்பத்திரண்டால் வகுத்தால் 0.375. இதுதான் கோஹன் 1960இல் கொடுத்த கப்பா எண். 80 விழுக்காடு என்ற பெருமை எங்கே, 0.375 எங்கே! ஐந்து படி அளவுகோலில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலான கருத்து வேறுபாடும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையிலான வேறுபாடும் ஒரே குற்றம் ஆகாது என்பதால், தூரத்துக்கு ஏற்பத் தண்டனை கொடுக்கும் எடையிட்ட கப்பாவைப் பயன்படுத்துவார்கள்.

எங்கள் ஒப்பீடுகளில் ஒன்று வெளிப்படையாகத் தெரிந்தது. ஒன்றாம் படியிலும் ஐந்தாம் படியிலும் சண்டையே வராது. மூன்றா நான்கா என்பதில்தான் வரும். தசைநார் கொஞ்சம் தெரிகிறது, கொஞ்சம் மூழ்கியிருக்கிறது. அல்லது எச்சில் நுரை மூடிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. அத்தகைய படங்களுக்கு இப்போது நாங்கள் சில விநாடி முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்க்கிறோம். கேமராவை நெருக்கத்தில் வைத்து எடுத்த படத்தை மதிப்பிடுவதில்லை, இரு குழிகளும் சட்டத்துக்குள் தெரியும் தூரத்தில் எடுத்ததையே கொள்கிறோம். அண்மைய ஆண்டுகளில் படிகளுக்குப் பதிலாகத் தொண்டையின் பகுதிகளுக்கு 0 முதல் 100 வரை விழுக்காடு கொடுக்கும் முறைகளும் வந்துள்ளன. நுண்மை கூடுகிறது, ஆனால் பரபரப்பான வார்டில் 37ஆ 40ஆ என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. இது என் சொந்தக் கருத்து. ஆராய்ச்சியில் இருப்பவர்கள் வேறு சொல்வார்கள்.

பெரியவரைக் கடைசியாகப் பார்த்தபோது குழாய் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகள் வீட்டிலிருந்து குழைந்த சோறும் பருப்பும் டிபன் கேரியரில் கொண்டுவந்திருந்தார், அதையே கொடுத்துச் சோதித்தோம். பெரியவருக்கு இந்த எண்கள் எல்லாம் பழகிவிட்டன. பரிசோதனை முடிந்ததும் திரையைத் தம் பக்கம் திருப்பச் சொன்னார்.

"இன்னிக்கு எத்தனை பாப்பா?"

"மேல ரெண்டு தாத்தா. கீழ வலப்பக்கம் மூணு, ரெண்டாவது தடவை முழுங்கின பிறகு."

"மூணா? போன தடவையும் மூணுதானே சொன்ன?"

"போன தடவை கஞ்சிக்கு மூணு. இது சோத்துக்கு மூணு."

அவர் மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா, சோத்துக்கு" என்றார். பிறகு முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு மீதிச் சோற்றைக் கேட்டார்.